குறைஞ்ச காசுல ட்ராக் கார் டியூனிங்: கொழும்புல எல்லாரும் கேக்கிற கேள்விகள்

கட்டுக்குருந்தை ரேஸ் ட்ராக்ல ஒரு மீட் முடிஞ்சா காணும், அடுத்த கிழமை முழுக்க ஒரே கேள்விகள்தான் வரும். ஈகே மொடல் ஹொண்டா சிவிக் வச்சிருக்கிறவரும் கேப்பார், பழைய ஃபோர்ட் லேசர் வச்சிருக்கிறவரும் கேப்பார், இன்னும் கார் வாங்காதவரும் கேப்பார். ஆளாளுக்கு வொய்ஸ் நோட் அனுப்பி அலுத்துப் போச்சு, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்தில எழுதி வைக்கிறன். கேள்விகள் அவங்கவங்க கேட்ட மாதிரியேதான் இருக்கு, லேசானது மேல, தலையிடி பிடிச்சது கீழ. நான் கார் எண்டு சொல்றது 90கள்ல வந்த 1300 முதல் 1600 சிசி ஜப்பான் கார், கிழமை நாள்ல வேலைக்கும் போகும், லீவு நாள்ல ட்ராக்குக்கும் போகும். அதுக்கு மேல பெரிய வண்டி வச்சிருக்கிறவங்க டியூனருக்கு நேரா கோல் எடுக்கிறது நல்லம்.

1. அண்ணா, டியூனிங் டியூனிங் எண்டு சொல்றாங்களே, உள்ளுக்க உண்மையில என்னத்த மாத்துறாங்க?

முக்கியமா ரெண்டு விசயம். எவ்வளவு பெற்றோல் அடிக்கிறது, எப்ப ஸ்பார்க் விடுறது. ஈசியூ, அதாவது இஞ்சினை நடத்துற கம்ப்யூட்டர், ஆர்பிஎம்மையும் இஞ்சின் எவ்வளவு காத்து இழுக்குது எண்டதையும் பார்த்து, ஒரு டேபிள்ல இருந்து இந்த ரெண்டு நம்பரையும் எடுக்கும். டியூனர் அந்த டேபிள்ல கட்டம் கட்டமா நம்பரை மாத்துறார், அதைத்தான் மேப் எண்டு சொல்றது. விடெக் (ஹொண்டாவில வால்வ் திறக்கிற அளவை மாத்துற முறை) இருந்தா அது எந்த ஆர்பிஎம்ல மாறணும், டர்போ எண்டா பூஸ்ட் எவ்வளவு, ரெவ் லிமிட் எங்க, இதெல்லாமும் அதுக்குள்ளதான் வரும்.

கம்பெனிக்காரன் அந்த மேப்பை செய்யேக்க தரமில்லாத பெற்றோல், ஒயில் மாத்தாத ஓனர், பனி நாடு, பாலைவனம் எல்லாத்தையும் நினைச்சுத்தான் செய்றான், அதால கொஞ்சம் இடம் விட்டிருப்பான். நாங்க எடுக்கிறது அந்த இடத்தைத்தான். டர்போ இல்லாத இஞ்சின்ல அந்த இடம் சின்னது, வேற ஒண்டும் மாத்தாம மேப் மட்டும் மாத்தினா நூத்துக்கு மூண்டு, அஞ்சு கிடைச்சா சந்தோசப்படுங்க. கம்பெனியிலயே டர்போவோட வந்த இஞ்சின்ல இது பல மடங்கு பெருசு.

2. என்னட்ட இருக்கிறது கொஞ்சக் காசு. முதல்ல எதுக்குப் போடுறது?

இஞ்சின் சுகமா இருக்கா எண்டு பார்க்க. யாருக்கும் இந்தப் பதில் பிடிக்கிறதில்லை. 2020ல வாகன இறக்குமதியை நிப்பாட்டி 2025 வரைக்கும் பூட்டி வச்சிருந்ததில, ட்ராக்ல ஓடுற காரெல்லாம் பழைய கார், அதுவும் நாலஞ்சு கை மாறினது. கொம்ப்ரெஷன் டெஸ்ட் எடுங்க, நாலு சிலிண்டருக்கும் இடையில நூத்துக்கு பத்துக்கு மேல வித்தியாசம் இருந்தா டியூனிங்கை மறந்துட்டு அதைப் பாருங்க. பிறகு ப்ளக், ப்ளக் வயர், டிஸ்ட்ரிபியூட்டர் கேப், பெற்றோல் ஃபில்டர், வெடிச்ச வேக்குவம் ஹோஸ், ரேடியேட்டர் மூடி. இதெல்லாம் சின்னச் செலவு, ஆனா டைனோவில, அதாவது பவர் அளக்கிற மெஷின்ல, ஏத்தின பிறகு இதுல ஒண்டு காலை வாரினா அந்த மணித்தியாலத்துக் காசு தண்ணியாப் போயிடும்.

அடுத்தது பிரேக். பிரேக் ஒயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும், கொழும்பு மாதிரி ஊர்ல கேக்கவே வேணாம். டொட் 4 புதுசில குறைஞ்சது 230 டிகிரி வரை கொதிக்காம நிக்கணும், ஈரம் குடிச்ச பிறகு அந்தக் கணக்கு 155க்கு இறங்கிடும். மூண்டாவது லேப்ல பெடல் தரையில போய் முட்டுறது அதாலதான். புது ஒயிலும் நல்ல பேடும் போடாம பவர் கூட்டுறதில அர்த்தமே இல்லை.

மிச்சக் காசுல நான் எல்லாருக்கும் சொல்ற கணக்கு இது: ஈசியூவுக்கு எண்டு எவ்வளவு ஒதுக்கி இருக்கீங்களோ அதுல பாதியை டியூனரோட நேரத்துக்கும் டைனோவுக்கும் வைங்க, மிச்சப் பாதிக்கு எந்தப் பெட்டி வருமோ அதை வாங்குங்க. ஆக்கள் செய்றது நேர்மாறு. முழுக் காசுக்கும் பெட்டியை வாங்கிட்டு, வயரிங் செய்ய ஒரு தெரிஞ்ச பாஸ், மேப்புக்கு இன்டர்நெட்.

3. கோன் ஃபில்டர், ஹெடர், பெரிய சைலன்சர் போட்டா எவ்வளவு ஹோர்ஸ்பவர் கூடும்?

கோன் ஃபில்டர் சும்மா பொனட்டுக்குள்ள தொங்கினா குறையத்தான் செய்யும். காத்து ஒவ்வொரு 3 டிகிரி சூடாகேக்கயும் அதோட அடர்த்தி ஏறத்தாழ நூத்துக்கு ஒண்டு குறையும். வெளியில 32 டிகிரி, ரேடியேட்டருக்குப் பின்னால 60 டிகிரி எண்டா நீங்களே கணக்குப் பாருங்க, சத்தத்துக்கு எவ்வளவு விலை குடுக்கிறீங்க எண்டு. ஒரிஜினல் பொக்ஸையே வச்சு, பம்பர் பக்கமிருந்து குளிர் காத்து வர ஒரு குழாய் இழுத்தா போதும். தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் மாதிரி மண் ட்ராக்குக்கு போற ஆளெண்டா மலிவு கோன் ஃபில்டர் பக்கமே போகாதீங்க, தூசி நேரா சிலிண்டருக்குள்ள போய் ரிங்கைத் தின்னும்.

டர்போ இல்லாத இஞ்சினுக்கு நல்ல ஹெடர்தான், அதாவது இஞ்சின்ல இருந்து புகை வெளிய வாற முதல் குழாய்கள்தான், காசுக்குப் பெறுமதி. குழாய் நீளம் சரியா இருக்கணும், சேர்ற இடத்தில வெல்டிங் உள்ளுக்க தள்ளிக்கொண்டு நிக்கக் கூடாது. சைலன்சர் குழாய் 1600 சிசிக்கு ரெண்டு, ரெண்டேகால் இஞ்சி காணும். மூண்டு இஞ்சி போட்டவன் மூலையில இருந்து வெளிய வரேக்க கார் இழுக்குதில்லை எண்டு வந்து அழுவான்.

4. ஒக்டேன் 95 பெற்றோல் அடிச்சா பவர் கூடுமா? 92 அடிச்சா இஞ்சின் போயிடுமா?

ரெண்டும் இல்லை. ஒக்டேன் எண்டது பெற்றோல்ல இருக்கிற பலம் இல்லை, ஸ்பார்க்கால வாற தீ வந்து சேர முதலே தானா வெடிக்காம எவ்வளவு தாக்குப்பிடிக்கும் எண்ட கணக்கு. சாதாரண கொம்ப்ரெஷன்ல ஒரிஜினல் மேப்போட ஓடுற 1500 சிசி இஞ்சினுக்கு 95 அடிச்சா பெற்றோல் ஷெட்காரனுக்குத்தான் லாபம். ஆனா கொம்ப்ரெஷன் பத்தரைக்கு மேல இருந்தா, இல்லாட்டி டர்போ இருந்தா, 95ல டியூன் பண்ணுங்க, கூட டைமிங் குடுக்கலாம், அதாவது ஸ்பார்க்கை முந்தி விடலாம், பவர் அங்கதான் வருது.

ஒரு விசயம் மறக்காதீங்க, 95ல டியூன் பண்ணின காரை 92ல ட்ராக்ல அடிச்சா நொக் வரும், அதாவது பெற்றோல் தானா வெடிக்கும், அந்தக் கறகற சத்தம் ஹெல்மெட்டுக்குள்ள கேக்காது, பிஸ்டன் உடைஞ்ச பிறகுதான் தெரியும். கொழும்பை விட்டு வெளிய போனா எல்லா ஷெட்லயும் 95 இருக்காது, அதால கான்ல கொண்டு போங்க, இல்லாட்டி டியூனரிட்ட சொல்லி 92க்கு ரெண்டாவது மேப் ஒண்டு போடுங்க. யூடியூப்ல பார்த்துட்டு ஈ85 பற்றிக் கேக்கிறவங்களுக்கு, அது இஞ்ச ஷெட்ல இல்லை, அந்தக் கதையை விடுங்க.

5. ஈசியூவுக்கு எத்தினை வழி இருக்கு? எது மலிவு?

மூண்டு வழி. முதலாவது, காரோட வந்த ஈசியூவையே திருத்தி எழுதுறது. ஹொண்டாக்காரருக்கு அதிர்ஷ்டம். பி28 மாதிரி பழைய ஓபிடி1 (90கள் முதல் பாதியில வந்த) ஈசியூவை கழட்டி, உள்ளுக்க ஒரு சொக்கெட் சோல்டர் பண்ணி, மேப் எழுதின சிப்பை அதுல குத்தினா வேலை முடிஞ்சுது. ஈகேயோட சொந்த ஈசியூ ஓபிடி2, அதுல இது ஏலாது, ஆனா கன்வேர்ஷன் ஹார்னெஸ் ஒண்டு போட்டு ஓபிடி1 பெட்டியை மாட்டலாம், இஞ்ச கன பேர் அப்படித்தான் ஓடுறாங்க. 2000க்குப் பிறகு வந்த இவோ, சுபாருவெண்டா பெட்டியைக் கழட்டவும் தேவையில்லை, டாஷ்போர்டுக்கு கீழ கேபிளைக் குத்தி லெப்டொப்பில இருந்தே ஏத்தலாம். நிசான்ல சிலதுக்கு நிஸ்டியூன் இருக்கு. 90கள் டொயோட்டா 4ஏ, 4ஈ இஞ்சின்களுக்கு இந்த மாதிரி லேசான வழி இல்லை, அதுதான் அந்தக் கார்களோட கவலை.

ரெண்டாவது பிகிபேக், ஒரிஜினல் ஈசியூவுக்கும் சென்சருக்கும் நடுவில இருந்து பொய் சொல்ற பெட்டி, அதை அடுத்த கேள்வியில சொல்றன். மூண்டாவது ஸ்டாண்டலோன், ஒரிஜினலைத் தூக்கிட்டு இஞ்சினை முழுசா தானே நடத்துற ஈசியூ. மலிவானதுல ஸ்பீடுயீனோ, மெகாஸ்குவேர்ட் ஒரு பக்கம், விலை கூடினதுல லிங்க், ஹால்டெக் மறுபக்கம்.

மலிவு எது எண்டு கேட்டா, உங்கட காருக்கு முதலாவது வழி இருந்தா அதுதான், யோசிக்கவே வேணாம். இல்லாட்டி நேரா மூண்டாவதுக்குப் போங்க.

6. நாநா, பழைய எஸ்ஏஎஃப்சி ஒண்டு மலிவுக்கு வந்திருக்கு, எடுக்கவா?

விலை நல்லாத்தான் இருக்கும், ஏனெண்டா இப்ப அதை ஒருத்தருக்கும் தேவையில்லை. அதுவும் ஒரு பிகிபேக்தான், அது செய்ற வேலையை விளங்கிக்கொள்ளுங்க தம்பி. பெற்றோலைக் குறைக்கணும் எண்டா, உள்ள வாற காத்து குறைவு எண்டு ஈசியூவுக்கு பொய் சொல்லும். ஈசியூ அதை நம்பி பெற்றோலைக் குறைக்கும், ஆனா காத்து குறைவெண்டா லோட் குறைவு எண்டும் நினைச்சு ஸ்பார்க்கையும் முன்னுக்குத் தள்ளும். நீங்க கேட்டது ஒண்டு, கிடைச்சது ரெண்டு, அந்த ரெண்டாவதுதான் நொக்கைக் கொண்டு வாறது. இமானேஜ் அல்டிமேட் மாதிரி டைமிங்கையும் தொடக்கூடிய பிகிபேக் இதை விடப் பரவாயில்லை, ஆனா அதுக்குரிய கேபிளும் சொஃப்ட்வெயாரும் தெரிஞ்ச ஆளும் கையில இருந்தா மட்டும்.

7. ஸ்பீடுயீனோவா, லிங்கா? ஸ்பீடுயீனோ விளையாட்டுச் சாமான் எண்டு சொல்றாங்களே?

விளையாட்டுச் சாமான் இல்லை. ஆர்டுயீனோ மெகா போர்டை வச்சு செய்த ஓபன் சோர்ஸ் ஈசியூ, டியூனர்ஸ்டூடியோவில டியூன் பண்ணலாம், சாதாரண நாலு சிலிண்டர் காருக்கு செய்யவேண்டியதைச் செய்யும். இதுவும் மெகாஸ்குவேர்ட்டும் சில நூறு டொலர், லிங்க், ஹால்டெக் எண்டா ஆயிரம் டொலர் சுத்தி தொடங்கும். 2022ல டொலர் 200 ரூவாவில இருந்து 360 கிட்ட போனதை நினைச்சா அந்த வித்தியாசம் எவ்வளவு எண்டு விளங்கும், அதுக்கு மேல கஸ்டம்ஸ், கூரியர்.

காசு கூடக் குடுத்தா கிடைக்கிறது குதிரை இல்லை. நல்ல வோட்டர்ப்ரூஃப் கனெக்டர், உள்ளுக்கயே டேட்டா லொக்கிங் (ஓடேக்க சென்சர் நம்பர்களைப் பதிஞ்சு வைக்கிறது), நொக் கன்ட்ரோல், ஒயில் ப்ரெஷர் விழுந்தா இஞ்சினை நிப்பாட்டுற பாதுகாப்பு, பிரச்சினை வந்தா கேக்க ஒரு கம்பெனி. இதுல ஒயில் ப்ரெஷர் பாதுகாப்பு மட்டும் ஒரு இஞ்சினைக் காப்பாத்தினா பெட்டியோட காசு வந்திடும். ஸ்பீடுயீனோவில பிழைக்கிறது அனேகமா போர்டு இல்லை, வயரிங்தான். சென்சர் எர்த்தையும் கொயில் எர்த்தையும் ஒரே போல்ட்ல கட்டினா 5000 ஆர்பிஎம்ல சிக்னல் குழம்பி இஞ்சின் கட் ஆகும், பிறகு பெட்டிக்குக் கெட்ட பேர்.

ஆனா இந்தக் கேள்வியே தலைகீழ். முதல்ல டியூனரைத் தேடுங்க. கொழும்புல உங்கட இஞ்சினைத் தெரிஞ்ச, பேசினா போனை எடுக்கிற ஒரு ஆளைப் பிடிச்சு, "அண்ணா, நீங்க எந்தப் பெட்டியில நல்லா வேலை செய்வீங்க" எண்டு கேளுங்க. அவர் சொல்றதை வாங்குங்க. அவருக்குக் கை வந்த மலிவுப் பெட்டி, அவர் கண்டிராத விலைப் பெட்டியை விட வேகமா ஓடும். ஏற்கனவே அவர் டியூன் பண்ணின ரெண்டு காரோட ஓனர்மாரோட கதைச்சுப் பாருங்க, குளிர்ல ஸ்டார்ட் ஆகுதா, ஏசி போட்டா ஐட்ல் விழுதா எண்டு கேளுங்க. ஃபுல் த்ரொட்டில்ல பவர் எடுக்கிறது பெரிய விசயமில்லை, காலி ரோட் ட்ரஃபிக்ல ஒழுங்கா நிக்கிற மேப்தான் ஆளோட திறமையைக் காட்டும்.

8. வைட்பேண்ட் கட்டாயமா? காரில ஒக்சிஜன் சென்சர் ஏற்கனவே இருக்குத்தானே?

கட்டாயம். வைட்பேண்ட் எண்டது ஒரு பங்கு பெற்றோலுக்கு எத்தினை பங்கு காத்து எண்டு சொல்ற ஒக்சிஜன் சென்சர். காரோட வந்த நெரோபேண்ட் சென்சர் அந்தக் கணக்கு 14.7க்கு மேலயா கீழயா எண்டு மட்டும்தான் சொல்லும், எவ்வளவு எண்டு சொல்லாது. ஃபுல் த்ரொட்டில்ல டர்போ இல்லாத இஞ்சினுக்கு 13க்கு கிட்ட, டர்போவுக்கு 11.5 சுத்தி வேணும், அந்த இடத்தில நெரோபேண்ட் குருடு. பொஷ் எல்எஸ்யூ 4.9 சென்சரோட வாற கிட் எதையாவது வாங்குங்க, டியூன் முடிஞ்ச பிறகும் கழட்டாதீங்க, பெற்றோல் பம்ப் சாகப் போறதை முதல்ல சொல்றது அதுதான்.

பூட்டுற இடம் முக்கியம். ஹெடர் நாலும் சேர்ற இடத்துக்குப் பின்னால, கெட்டலிட்டிக்குக்கு முன்னால, குழாயோட மேல் பக்கம். கீழ் பக்கம் பூட்டினா காலையில குழாய்க்குள்ள தேங்கின தண்ணி சூடான சென்சர்ல பட்டு வெடிக்கும். பழைய ஸ்பெயார் பார்ட்ஸ் விக்கிற பஞ்சிகாவத்தையில மூடி இல்லாம சும்மா பையில போட்டு விக்கிற சென்சரை வாங்காதீங்க, ஒரிஜினல் பெட்டியே கொப்பி அடிச்சு வருது.

9. டைனோ இல்லாம ரோட்லயே டியூன் பண்ண ஏலாதா?

பெற்றோல் மேப்பை, அதுவும் மெதுவா ஓடுற பகுதியை, ரோட்ல செய்யலாம், உண்மையில அது ரோட்ல செய்தாத்தான் நல்லா வரும். ஸ்பார்க்கை ஏலாது. டைமிங்கை ஒரு டிகிரி கூட்டினா பவர் கூடுதா, அப்படியே நிக்குதா எண்டு டோர்க்கைப் பார்த்துத்தான் தெரியும், கூடாத இடத்துக்கு மேல தள்ளினா நொக் மட்டும்தான் மிச்சம். எக்ஸ்பிரஸ்வேயில லிமிட் 100, தேர்ட் கியர்ல ரெட்லைன் வரைக்கும் இழுத்தாலே அதைத் தாண்டும், அது வேற.

டைனோவுக்கு போக முதல்: டேங்க்ல நீங்க வழமையா அடிக்கிற பெற்றோல், புது ப்ளக், புது ஒயில், டைமிங் லைட்டால பேஸ் டைமிங் சரிபார்த்து, கூலன்ட் லீக் இல்லை எண்டு உறுதிப்படுத்தி, முக்கியமா க்ளட்ச் வழுக்குதா எண்டு பார்த்துட்டுப் போங்க. டைனோவில இருந்து பாதியில இறங்குற கார்கள்ல கனக்க க்ளட்ச் காரணமாத்தான். ஹொண்டாக்காரர் டியூனரிட்ட கேக்கவேண்டியது: விடெக் இல்லாம ஒரு ரன், விடெக்கோட ஒரு ரன், ரெண்டு கோடும் எங்க வெட்டுதோ அந்த ஆர்பிஎம்ல மாத்தச் சொல்லுங்க. யாரோ சொன்ன 5500ஐ விட இது நல்லம், மாறேக்க உதைப்பு வராட்டி கவலைப்படாதீங்க, உதைப்பு வருதெண்டா பிழையான இடத்தில மாறுது எண்டு அர்த்தம்.

10. பெட்டியோட பேஸ் மேப் வருதே, அதோடயே ஓடினா என்ன?

அது இஞ்சினை ஸ்டார்ட் பண்ணி ட்ரெய்லர்ல ஏத்துறதுக்கு மட்டும். வேற ஆளோட ஈசியூவில இருந்து எடுத்த மேப்பும் அப்படித்தான், அவர்ட இன்ஜெக்டர், கேம், ஹெடர் ஒண்டும் உங்களது இல்லை. வெளிநாட்டு டியூனருக்கு கார் ஓடினதைப் பதிஞ்ச லொக் ஃபைல் அனுப்பி செய்றது நடக்கும், நான் எதிர்ப்பில்லை, ஆனா வைட்பேண்ட் சரியா வேலை செய்யணும், இஞ்ச கிடைக்கிற பெற்றோலை அவருக்குச் சொல்லணும், நொக் இருக்கா எண்டு பக்கத்தில இருந்து கேக்க ஒரு காது தெரிஞ்ச ஆள் வேணும்.

11. மச்சான், டர்போ கிட் போடவா, இல்லாட்டி இஞ்சின் ஸ்வாப் பண்ணவா? கையில இருக்கிறது டி15பி இஞ்சின் போட்ட ஈகே.

கிட்டோட விலையைப் பார்க்காத மச்சான், கிட் வந்த பிறகு வாறதைப் பார். இன்ஜெக்டர், பெற்றோல் பம்ப், க்ளட்ச், இன்டர்கூலர், பெரிய ரேடியேட்டர், ஒயில் கூலர், ஈசியூ, டைனோ. அதெல்லாம் சேர்த்தாலும் உள்ளுக்க இருக்கிறது டர்போவுக்குச் செய்யாத பிஸ்டனும் கன்ரொடும். ரோட்ல இது தாக்குப்பிடிக்கும். ட்ராக்ல பத்து லேப் தொடர்ந்து, 32 டிகிரி வெயில்ல, பொனட்டுக்குள்ள சிவக்கச் சிவக்க ஒரு டர்போ, அது வேற கதை.

ஸ்வாப்பெண்டா கணக்கு தெளிவு. மூண்டு கட்ட விடெக் டி15பி 130 பிஎஸ், பி16ஏ 160இல இருந்து 170 பிஎஸ், ஒண்டும் திறக்காம, கம்பெனி கொம்ப்ரெஷனோட. டொயோட்டாக்காரருக்கு 4ஏ-ஜிஇ 20 வால்வ், சில்வர் டொப் 160, ப்ளாக் டொப் 165. ஸ்டார்லட்காரருக்கு 135 பிஎஸ் 4ஈ-எஃப்டிஈ, அது கம்பெனி டர்போ, அதால கீழ் கொம்ப்ரெஷனோட வருது. ஹாஃப் கட்டா (காரோட முன் பாதியை வெட்டினது) எடுக்கப் பாருங்க, கியர்பொக்ஸ், ஷாஃப்ட், வயரிங், ஈசியூ எல்லாம் ஒண்டா வரும், தனித்தனியா தேடினா அதே காசு ரெண்டு தரம் போகும். பஞ்சிகாவத்தையில இஞ்சின் பார்க்கேக்க ஒயில் மூடியைக் கழட்டி உள்ளுக்க கறுப்புச் சேறு இருக்கா பாருங்க, இஞ்சின் நம்பர் தேய்ச்சிருக்கா பாருங்க, இறக்குமதி பேப்பர் கேளுங்க, முடிஞ்சா அங்கயே ஸ்டார்ட்டரைச் சுத்தி கொம்ப்ரெஷன் எடுங்க.

என்னைக் கேட்டா, இந்த வருசம் டி15பியை ஹெடரோடயும் சிப் மேப்போடயும் வச்சு, மிச்சக் காசை டயருக்கும் ட்ராக் நாளுக்கும் போடு. பி16 அடுத்த வருசமும் பஞ்சிகாவத்தையில இருக்கும்.

12. இன்ஜெக்டர் எந்த சைஸ்? பெருசா போட்டா பின்னுக்கும் உதவுமே?

கணக்கு லேசு. டர்போ இல்லாத இஞ்சின் ஒரு குதிரைக்கு மணித்தியாலத்துக்கு அரை இறாத்தல் பெற்றோல் குடிக்கும். 160 குதிரைக்கு 80 இறாத்தல், நாலு இன்ஜெக்டருக்குப் பிரிச்சா 20. இன்ஜெக்டரை நூத்துக்கு 80க்கு மேல வேலை வாங்கக் கூடாது, அப்ப 25 இறாத்தல் இன்ஜெக்டர் வேணும், அது நிமிசத்துக்கு 260 சிசி கிட்ட. ஹொண்டாவோட வாற 240 சிசி அந்த 160க்கு 87, 88 வரை திறந்து நிக்கும், விளிம்புதான், அதுக்குக் கீழ பவரெண்டா மாத்தவே தேவையில்லை. டர்போவுக்கு அரைக்குப் பதிலா 0.6 போடுங்க, 220 குதிரையெண்டா 430 சிசிக்கு மேல வரும்.

தேவைக்கு மேல பெருசு போட்டா ஐட்ல்ல நடுங்கும், எமிஷன் டெஸ்ட்ல மாட்டும். பேர் தெரியாத மலிவு இன்ஜெக்டர்ல இன்னொரு கரைச்சல், வோல்டேஜ் குறையேக்க எவ்வளவு தாமதமா திறக்கும் எண்ட டேட்டா அதுக்கு இருக்காது, ஹெட்லைட் போட்டாலே மிக்சர் மாறும், டியூனர் அதை ஊகிச்சு ஊகிச்சு உங்கட மணித்தியாலத்தைத் தின்னுவார்.

13. ரெவ் லிமிட்டை 8000க்கு ஏத்திக்கலாமா? ஈசியூவில ஒரு நம்பர்தானே?

ஈசியூவில ஒரு நம்பர், கன்ரொடுக்கு அப்படி இல்லை. சுமை ஆர்பிஎம்மோட வர்க்கத்தில ஏறும், 7200ல இருந்து 8000 எண்டா நூத்துக்கு 23 கூட. டைனோ கோடு 6800லயே கீழ விழத் தொடங்கினா 8000 வரை இழுத்து என்ன செய்யப் போறீங்க? கோடு எங்க விழுதோ அதுக்கு நானூறு, ஐநூறு மேல வச்சா காணும். அதோட, நாலாவதுக்குப் பதிலா ரெண்டாவது கியரைப் போட்டுட்டா எந்த ரெவ் லிமிட்டும் காப்பாத்தாது, அப்ப இஞ்சினைச் சுத்துறது சில்லு, ஈசியூ இல்லை.

14. என்ட வேகன் ஆர் ஹைபிரிட்டையும் டியூன் பண்ணலாமா?

வேணாம்.

15. இஞ்சின் மாத்தினா சிஆர்ல பிரச்சினை வருமா? எமிஷன் எப்படி?

புது இஞ்சின் நம்பரை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில குடுத்து பதிவுச் சான்றிதழ்ல மாத்தியே ஆகணும், அதுக்குத்தான் 11ல இறக்குமதி பேப்பர் கேக்கச் சொன்னது. நம்பர் பொருந்தாம ஓடினா பொலிஸ் பிடிக்கிறது ஒரு பக்கம், விக்கேக்க வாங்குறவன் விலையைப் பாதியாக் குறைப்பான். சாதாரண இன்சூரன்ஸ் ரேஸ்ல நடக்கிற எதுக்கும் காசு தராது, ரோட்லயும் சொல்லாம செய்த மாற்றத்தைக் காட்டி இழுத்தடிப்பாங்க.

எமிஷன் டெஸ்ட் ஐட்லிலயும் 2500 ஆர்பிஎம் கிட்டயும் பார்ப்பாங்க. அந்த ரெண்டு இடத்தையும் சுத்தமா வைக்கச் சொல்லி டியூனரிட்ட முதலே சொல்லுங்க, ஃபுல் த்ரொட்டில் மேப்புக்கு அதால ஒரு நட்டமும் இல்லை. கெட்டலிட்டிக்கை வெட்டி எறியாதீங்க.

16. எந்த கிளாஸ்ல ஓடுறது எண்டு பிறகு பார்க்கலாம்தானே?

முதல்ல அதைப் பாருங்க. இஞ்ச போட்டி கிளாஸ்கள் சிசியை வச்சும், சிலது கார் மொடலை வச்சும் பிரிஞ்சிருக்கு, லேசரும் மஸ்டாவும் 1500 சிசிக்குள்ள ஓடுற ரேஸ் மாதிரி, நிசான் மார்ச் ரேஸ் மாதிரி. ஒரு கேம், ஒரு ஈசியூ மாத்தினதால மேல் கிளாஸுக்குத் தள்ளுப்பட்டு, உங்கட பட்ஜெட்டைப் போல பத்து மடங்கு செலவழிச்ச ஆக்களோட நிக்கவேண்டி வரும். நடத்துற கிளப்பிட்ட அந்த வருசத்து ரெகுலேஷனை எடுத்து வாசிச்சுட்டு, பிறகு சாமான் வாங்குங்க.

17. கொழும்புல டியூன் பண்ணி நுவரெலியாவுக்கு மஹகஸ்தோட்டை ஹில் க்ளைம்ப் ரேஸ் ஏறப் போனா மேப் சரியா வருமா?

நுவரெலியா 1868 மீட்டர். அங்க காத்து அமுக்கம் கடல் மட்டத்தில இருக்கிறதில நூத்துக்கு 80 அளவுதான், டர்போ இல்லாத இஞ்சின் அஞ்சில ஒரு பங்கு பவரை அடிவாரத்திலயே விட்டுட்டுத்தான் ஏறும், அதுக்கு மருந்து இல்லை, எல்லாருக்கும் அதேதான். மேப் சென்சரை (டியூன் மேப் இல்லை, மேனிஃபோல்ட் அமுக்கத்தை அளக்கிற சென்சர்) வச்சு ஓடுற ஈசியூ எண்டா அது அமுக்கத்தை நேரா அளக்கிறதால பெற்றோலைக் கிட்டத்தட்ட தானே சரிபண்ணும். 20 வால்வுக்கு தனித்தனி த்ரொட்டில் எண்டபடியா த்ரொட்டில் பொசிஷனை வச்சு டியூன் பண்ணி இருந்தா, பாரோ கரெக்ஷன் (வெளிக் காத்து அமுக்கத்துக்கு ஏத்த திருத்தம்) போட்டிருக்கா எண்டு கேளுங்க, இல்லாட்டி அங்க தேவையை விட கால் பங்கு பெற்றோல் கூடப் போய் கறுப்புப் புகையோடதான் ஏறுவீங்க. பழைய கார்பரேட்டர் மினிக்காரர் சின்ன ஜெட்டை பொக்கெட்ல வச்சுக்கொண்டு போறதும் இதுக்குத்தான்.

18. பிட்ல அஞ்சு நிமிசம் நிண்டுட்டு திரும்ப வெளிக்கிட்டா முதல் லேப்ல லீன் (பெற்றோல் குறைவு) காட்டுது, பிறகு தானா சரியாகுது. ஏன்?

காத்து சூட்டை அளக்கிற சென்சர் அலுமினிய மேனிஃபோல்ட்ல இருக்கு, அதான். நிக்கேக்க மேனிஃபோல்ட் சூடாகி சென்சரும் 70 டிகிரி எண்டு சொல்லும், உண்மையில உள்ள போற காத்து அவ்வளவு சூடில்லை. ஈசியூ சூட்டுக் காத்து எண்டு நம்பி பெற்றோலைக் குறைக்கும். சென்சரை ஃபில்டருக்குப் பிறகு வாற பிளாஸ்டிக் குழாய்க்கு மாத்துங்க, டியூனர் அந்தக் கரெக்ஷன் டேபிளையும் கொஞ்சம் தட்டையாக்கணும். பேஸ்லைன் வீதி ட்ரஃபிக்ல நிண்டுட்டு கிளம்பேக்க கார் தடுமாறுற கதையும் அனேகமா இதேதான்.

19. வைட்பேண்ட் லீன் எண்டு சொல்லுது, ப்ளக்கைக் கழட்டினா கரி மாதிரி கறுப்பு. எதை நம்புறது?

ப்ளக்கை. வைட்பேண்ட் பெற்றோலை அளக்கிறதில்லை, மிச்சமா வாற ஒக்சிஜனை வச்சுத்தான் கணக்குப் போடுது. ஒரு சிலிண்டர் மிஸ்ஃபயர் ஆனா எரியாத காத்து அப்படியே வெளிய வரும், சென்சர் அதைப் பார்த்து லீன் எண்டு சொல்லும், நீங்க பெற்றோலைக் கூட்டுவீங்க, மிஸ்ஃபயர் இன்னும் கூடும். சென்சருக்கு முன்னால ஹெடர் கேஸ்கட் லீக்கானாலும் இதே கூத்து. முதல்ல ப்ளக், வயர், கொயில், கேஸ்கட். அதைப் பார்த்து முடியிற வரைக்கும் மேப்பைத் தொடாதீங்க. என்ஜிகே ப்ளக்லயும் கொப்பி சந்தையில இருக்கு, அதையும் சந்தேகப்படுங்க.

20. கூட்டாளிக்கு அதே இஞ்சின், அவனுக்கு டைனோவில 150, எனக்கு 128. டியூனர் ஏமாத்திட்டாரா?

ரெண்டு பேரும் ஒரே டைனோவா? அவனோட நம்பர் இஞ்சின்லயா சில்லிலயா? கியர்பொக்ஸ், ஷாஃப்ட் எண்டு நூத்துக்கு 15 அளவு வழியில போகும், 150ல இருந்து அதைக் கழிச்சா ஏறக்குறைய உங்கட 128தான். வெயிலுக்கான கரெக்ஷனை எப்படிப் போட்டாங்க எண்டதையும் வச்சு நம்பரை இழுக்கலாம். டைனோ நம்பரை உங்கட பழைய நம்பரோட மட்டும் ஒப்பிடுங்க, அதே டைனோ, அதே செட்டிங், டியூனுக்கு முதலும் பிறகும். அந்த ரெண்டு ஷீட்டையும் தராட்டித்தான் டியூனரைச் சந்தேகப்படணும்.

21. டியூனர் மேப்பை பாஸ்வேர்ட் போட்டு பூட்டிட்டார், கேட்டா தரமாட்டாராம். நியாயமா?

அவர் பக்கமும் கதை இருக்கு. மணித்தியாலக் கணக்கா செய்த மேப்பை நீங்க அடுத்த நாளே பத்துப் பேருக்கு வட்ஸ்அப்ல அனுப்புவீங்க, அதுல ஒருத்தன் இஞ்சினை உடைச்சுட்டு அவர்ட பேரைச் சொல்லுவான். ஆனா ஸ்டாண்டலோன் உங்கட காசுல வாங்கினது, பூட்டின பெட்டியோட அவர் ஒஸ்ட்ரேலியாவுக்குப் போயிட்டா, நீங்க ஒரு இன்ஜெக்டர் மாத்தினாலும் முதல்ல இருந்து டியூன் பண்ணவேண்டி வரும்.

அதால காசு குடுக்க முதல் பேசி முடிங்க. பூட்டாத மேப் எண்டா கூடக் கேப்பார், பரவாயில்லை, குடுங்க. இல்லையெண்டா குறைஞ்சது மேப்பை நீங்க பார்க்கவும் ஓடினதைப் பதிஞ்சு எடுக்கவும் ஏலுற மாதிரி திறந்து வைக்கச் சொல்லுங்க. பேசினதை வட்ஸ்அப்ல ஒருக்கா எழுதி அனுப்பி அவரிட்ட "ஓம்" வாங்குங்க, வாயால சொன்னதை ஆறு மாசத்தில ரெண்டு பேருமே மறந்திடுவீங்க. டைனோவில இருந்து இறங்குற அண்டைக்கே மேப் ஃபைலை பென் ட்ரைவ்ல எடுத்து, திகதியும் போட்ட இன்ஜெக்டர் சைஸும் அடிச்ச பெற்றோலும் எழுதி, லெப்டொப்பிலயும் ஒரு கொப்பி வைங்க.